ஏழு மணிச் செய்தியில் மேனகா இல்லை

நான் ரிட்டையர்டு. வயது இருபத்தெட்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். லோக்கல் கேபிள் சேனலில் ஆறு வருடம் ஓட்டினால் அது வேறு வேலையில் முப்பது வருடத்துக்குச் சமம். கொஞ்ச நாளில் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். அடுத்த திங்கள்கிழமை ஓசூரில் ஒரு கம்பெனியில் சேருகிறேன். அதற்குள், புதிதாக வந்திருக்கும் பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் நச்சரிக்கிறார்.

கேமரா பிடிப்பது, எடிட் செய்வது எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது, கொரோனா நேரத்தில் நம் ஜனங்கள் செய்தி பார்த்த லட்சணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் மேனகாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில்தான் எனக்குக் கடுப்பு.

மேனகாவும் நானும் ஒரே வாரத்தில் இந்த மொரப்பூர் ஆபீஸுக்கு வந்தோம். நான் விஸ்காம் படித்தவன். அவள் பி.எஸ்சி. கணக்கு. செய்தி வாசிக்க ஒரு ஆள் வேண்டும் என்று இருவரையும் ஒரே பத்தியை வாசிக்கச் சொன்னார் மேனேஜர். தக்காளி விலை வீழ்ச்சி பற்றிய பத்தி. நான் காலேஜ் விழாக்களில் மைக் பிடித்துத் தழும்பேறியவன். கணீரென்று வாசித்தேன். அவள் ஏதோ பக்கத்துத் தெருக்காரியிடம் பேசுவதுபோல வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு, கேமரா எனக்கு.

ஏன் என்று நேராகவே கேட்டுவிட்டேன். மேனேஜர் சொன்னார்: "உன் வாய்ஸு நல்லாத்தான்டா இருக்குது சதீஷு. ஆனா நீ வாசிச்சா வேற எங்கியோ நடக்கற மாதிரி இருக்குது. அந்தப் பொண்ணு வாசிச்சா பக்கத்து வூட்ல நடக்கற மாதிரி இருக்குது."

இந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொரோனா வந்தது. நான் ரெண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல், கலெக்டர் ஆபீஸ், மார்க்கெட் என்று வெயிலில் சுற்றுவேன். சேதி சேகரித்து, அதை எழுதி, படம் வெட்டி ஒட்டி வைப்பேன். மேடம் சாயந்திரம் வருவார்கள். பவுடர் பூசிக்கொண்டு வாசிப்பார்கள். மறுநாள் ஆபீஸ் வாசலில் மேனகாவுக்கு இளநீர் வந்திருக்கும். கொய்யா வந்திருக்கும். யாரோ ஒரு அம்மா கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பித் தூள் இடித்து அனுப்பியிருந்தார், வாசிக்கிற பெண்ணுக்குத் தொண்டை கட்டாமல் இருக்க. வெயிலில் கத்திக் கத்திப் பேட்டி எடுத்த என் தொண்டையைப் பற்றி மாவட்டத்தில் ஒரு ஜீவனுக்கும் கவலை இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஜனங்கள் நான் எழுதிய செய்தியைக் கேட்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர்கள் மேனகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிச் செய்தி முடிந்ததும் ஆபீஸ் போன் அடிக்கும். எடுப்பது நான்.

"ஏங்க, அந்தப் பாப்பா இன்னிக்கி சிரிக்கவே இல்லீங்களே. ரொம்ப பேரு போயிட்டாங்களா?"

"எத்தனை பேர்னு செய்தியிலேயே சொன்னாங்களேங்க."

"அது கெடக்குதுங்க. மூஞ்சி செரியில்லியே, அதான் கேட்டேன்."

பச்சைப் புடவை கட்டினால் அடுத்த வாரம் கடை திறப்பார்கள் என்று அர்த்தமாம். கருநீலம் என்றால் ஊரடங்கு நீளப் போகிறதாம். ஒரு முறை அவள் நடுவில் தண்ணீர் குடித்துவிட்டாள். அன்று ராத்திரி வரைக்கும் போன். "அரசாங்கம் எதையோ மறைக்கச் சொல்லிடுச்சு, அதான் பாப்பாவுக்கு முழுங்க முடியல" என்று ஒரு ரிட்டையர்டு வாத்தியார் எனக்கே விளக்கம் சொன்னார். அவள் மதியம் சாப்பிட்ட ஊறுகாயில் உப்பு அதிகம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

வத்தல்மலையில் அப்போது நம் கேபிள் கிடையாது. மலையிலிருந்து சாமான் வாங்கக் கீழே இறங்கி வந்தவர்களிடம், கொரோனா செய்தியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று மைக்கை நீட்டினேன். ஒரு பெரியவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "இந்த வாரம் அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?" தொப்பூர்க் கணவாயில் ஓட்டல் எல்லாம் சாத்திக் கிடந்த நேரத்தில், நிழல் இல்லாமல் நின்றுகொண்டிருந்த லாரி டிரைவரைப் பேட்டி எடுக்கப் போனேன். அவர் மைக்கில் இருந்த சேனல் பெயரைப் படித்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவங்க வரலியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப செரி" என்று வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது, இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த சமயத்தில், ஒரு நாள் மேனகா ரெண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று வந்து நின்றாள். மெட்ராஸ் ஐ. இமை வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் அந்த வாரம்தான் கொரோனா டெஸ்ட் எடுத்திருந்தார்கள். அவளுக்கும் நெகட்டிவ் என்று மெசேஜ் வந்திருந்தது. வாசிப்பதில் பிரச்சினை இல்லை என்றாள். மேனேஜர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தக் கண்ணோட உட்கார்ந்தேன்னா, நீ அழுதுட்டு வந்து வாசிக்கிறேன்னு சொல்லுவாங்கம்மா. நாளைக்கு ஒருத்தனும் வூட்ட வுட்டு வெளிய வரமாட்டான். நீ ஒரு வாரம் வூட்லயே இரு."

பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு சட்டை மாத்திட்டு வாடா."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் செம சந்தோஷம். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு தடங்கல் இல்லை. ஒரு எழுத்து பிசகவில்லை. முடித்துவிட்டு எழுந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய் எடுத்தேன்.

"பாப்பா எங்கங்க?"

அடுத்த போன். "அந்தப் பொண்ணு எங்கங்க?" அதற்கு அடுத்தது. "மேனகாவக் காணோம்?" என்னைப் பற்றி வந்தது ஒரே ஒரு வாக்கியம். "இந்தத் தம்பிய கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க, சின்னப் புள்ள தூங்குது."

எல்லோருக்கும் "லீவு" என்று சொன்னோம். அங்கேதான் வம்பு. அந்த நாட்களில் யாருக்குக் கொரோனா வந்தாலும் வீட்டில் லீவு என்றுதான் சொல்வார்கள். லீவு என்ற வார்த்தைக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் ஊர்ப் பேச்சில் மேனகாவுக்குப் பாசிட்டிவ். மதியம் சேலத்தில் ஆக்சிஜன். அவள் லீவு போட்ட ஐந்தாம் நாள், எவனோ ஒரு புண்ணியவான் அவள் போட்டோவுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று பூ போட்டு வாட்ஸ்அப்பில் விட்டிருந்தான். நான் தினமும் சாயந்திரம் மாவட்டத்தில் நடந்தது அத்தனையையும் வாசிக்கிறேன். ஜனங்களுக்கோ ஏழு மணிச் செய்தியில் இருந்த ஒரே செய்தி, மேனகா இல்லை என்பதுதான்.

புதுசாக வந்தவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். நாம் என்ன சொன்னோம் என்பதை மட்டும்தான் நாம் யோசிக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், வழக்கமாக இருப்பது ஏதாவது இன்றைக்கு இல்லையா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் மேனகா போன் செய்தாள். எப்போதும் என்னைக் கலாய்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். அன்று அது இல்லை.

"சதீஷு, எங்க தெருவ அடைச்சுட்டாங்க. எங்களுதுதான கடைசி வூடு, எங்க வூட்டுக்கு முன்னாடி மூங்கில் கட்டி முள்ளப் போட்டுட்டாங்க. அப்பா பாலு எடுத்துட்டுப் போனாரு, சொசைட்டில ஊத்த வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"மெசேஜ் காட்ட வேண்டியதுதான?"

"காட்டியாச்சு. பாலு போனா போகுது. அண்ணிய நாளைக்கே ஆஸ்பத்திரில சேக்கச் சொல்லிட்டாங்க நர்ஸம்மா. கொழந்த தலை திரும்பல. வலி வர்றதுக்கு முன்னாடியே வந்துருங்க, வலி எடுத்துட்டா கஷ்டம்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்பவே இடுப்புப் புடிக்குதுங்கறாங்க. ஊருல இருக்கறது வார்டு மெம்பர் ஆட்டோ ஒண்ணுதான். அவரு வரமாட்டேங்கறாரு."

"நூத்தியெட்டுக்கு அடி."

"நூத்தியெட்டு வந்தா அவ்ளோதான். பாத்தியா, கொரோனான்னுதான் ஏத்திட்டுப் போறாங்கன்னு ஊரே முடிவு பண்ணிரும். அப்புறம் பச்சப் புள்ளையோட திரும்பி வந்தா தெருவுக்குள்ள வுடுவாங்களா? அப்பா கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறாரு சதீஷு. ராத்திரி வரைக்கும் பாப்போம், முடியலைன்னா நூத்தியெட்டுதான். அதுக்குள்ள எதுனா பண்ண முடியுமா?"

மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் கேட்டவுடனே தீர்வு சொல்லிவிட்டார். "கீழ ஸ்க்ரோல் ஓட்டிருவோம்டா. 'நமது செய்தி வாசிப்பாளர் மேனகாவுக்குக் கொரோனா இல்லை.' பெரிய எழுத்துல. முடிஞ்சுது."

நான் வேண்டாம் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாற்காலி எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார். பிடித்துத்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அவள் இன்னும் ஒரு வாரம் வராமல் இருந்தால் ஜனங்களுக்கு என் முகமும் பழகிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஸ்க்ரோல் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

"சார், யாருக்கு வந்துருக்குன்னு இதுவரைக்கும் நாம ஒரு பேரும் சொன்னதில்ல. இல்லைன்னு இன்னிக்கி ஒரு பேரு போட்டா, நாளைக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் எம் பேரையும் போடுன்னு வந்து நிப்பான். போடாதவனுக்கெல்லாம் வந்துருச்சுன்னு ஆயிடும். அவன் வூட்டு முன்னாடியும் மூங்கில் கட்டுவாங்க."

மேனேஜர் "அப்ப என்னாதான்டா பண்றது?" என்றார்.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் நாற்காலி போய்விடும். சொன்னேன்.

"அவளையே வாசிக்கச் சொல்லுங்க சார். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் அவ நிக்கட்டும், நான் இந்தப் பக்கம் நின்னு எடுத்துட்டு வர்றேன். அவளப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். எப்பவும் போல நியூஸ வாசிக்கட்டும்."

"கண்ணு?"

"கூலிங் கிளாஸ் போடச் சொல்றேன். நம்மூர்ல வூட்டு வாசல்ல ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டா மெட்ராஸ் ஐன்னு எல்லாருக்கும் தெரியும்."

பைக்கில் அரை மணி நேரம். அவள் தெரு முனையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் வார்டு மெம்பர். அவருக்குப் பின்னால் புளியமர நிழலில் அவருடைய ஆட்டோ சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கி வணக்கம் வைத்தேன். சேனல் பேரைச் சொன்னேன்.

"நீங்கதான் இப்ப வாசிக்கறதுங்களா?" என்றார் மெம்பர். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

"ஏங்க இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"நாங்க இன்னா வேணும்னா கட்னோம்? தெருவுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க. அந்தப் பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. எங்க ஊரு பொண்ணுதான். அது டிவில வர்றது எங்களுக்கும் பெருமதான்."

"நெகட்டிவ்னு மெசேஜ் காட்டினாங்களே."

"மெசேஜு யாரு வேணா அனுப்பலாங்க. எம் மச்சானுக்கு லாட்டரி வுழுந்துருக்குதுன்னு தெனமும்தான் மெசேஜு வருது. இன்னும் ஓட்டு வூட்லதான் இருக்கறான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அப்ப எதைத்தான் நம்புவீங்க?"

"டிவில வரட்டும்ங்க. நோவு இருக்கறவங்கள டிவில வாசிக்க வுடுவாங்களா? வந்துட்டா, நாங்களே அவுத்துடறோம்."

மூங்கிலுக்கு அந்தப் பக்கம் மேனகாவின் அப்பா நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளிபோல. அவருக்குப் பின்னால் கதவோரம் மேனகாவின் அண்ணி சுவரைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. யாரும் சொல்லாமலே எனக்கு அவசரம் புரிந்தது.

மேனகா வந்தாள். சந்தனக் கலர் புடவை. அண்ணனின் கூலிங் கிளாஸ் மூக்கில் நிற்காமல் வழுக்கியது. நான் சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கை மூங்கில் மேல் வைத்தேன். அவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். பேப்பரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். திருப்பி நீட்டினாள்.

"எழுத்து தெரியல சதீஷு. எல்லாம் ஈ மாதிரி ஓடுது."

இதை நான் யோசிக்கவே இல்லை. விஸ்காம் படித்த மூளைக்கு அது தோன்றவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "நீ ஒவ்வொரு வரியா வாசி. நான் திருப்பிச் சொல்றேன். உன்னோடத அப்புறம் வெட்டிரு."

வேறு வழி இல்லை. மாவட்டத்தின் அன்றைய செய்தியை, கேமராவை ஒரு கையிலும் பேப்பரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, நான் வரிவரியாக வாசித்தேன். அவள் வரிவரியாகத் திருப்பிச் சொன்னாள். மெம்பரும் அவர் கூட்டமும் என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள். ஒவ்வொரு செய்தியையும் ரெண்டு தடவை கேட்டார்கள்.

"மாவட்ட அரசு மருத்துவமனையில் கூடுதல் படுக்கைகள் போடப்பட்டுள்ளன" என்று நான் சொன்னேன். பின்னால் சத்தமே இல்லை. அதையே அவள் சொன்னாள். "பரவாயில்லியே, பெட்டு போட்டுட்டாங்களாம்" என்றார் ஒருவர்.

"காய்கறிக் கடைகள் காலையில் மட்டும் திறந்திருக்கும்" என்றேன். ஒருவன் கொட்டாவி விட்டான். அவள் சொன்னாள். "காலைல மட்டுந்தானாம்பா, சாயந்திரம் கெடையாதாம்" என்று அவனே பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

நான் வேண்டுமென்றே ஒரு வரியை அவள் மாதிரியே, மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தேன். "தம்பிக்கு மயக்கம் வருது போல, யாராச்சும் தண்ணி குடுங்கப்பா" என்றார் மெம்பர்.

கடைசியில் அன்று இறந்தவர்களின் எண்ணிக்கை. அந்த வரிக்கு வந்ததும் மேனகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கண்ணாடியக் கழட்டிடறேன்."

"வேணாம். கண்ணத் தொறந்தா அழுதமாதிரி இருக்கும். மேனேஜர் என்னைய உரிச்சுருவாரு."

"சாவு சேதிய கூலிங் கிளாஸ் போட்டுட்டுச் சொல்ல மாட்டேன். அந்த வூட்டுக்காரங்களும் பாத்துட்டுதான இருப்பாங்க."

நான் எண்ணிக்கையை வாசித்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வெயில் பட்டதும் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. அதைத் துடைக்காமல் அந்த ஒரு வரியைச் சொன்னாள். "வணக்கம்" சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கழற்றி மூங்கில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் மைக்கை எடுத்துச் சுருட்டிக்கொண்டே மெம்பரிடம் கேட்டேன். "இப்பதான் பத்தடி தூரத்துல கண்ணால பாத்தீங்களே. அவுத்து வுடலாமில்ல?"

"பாத்தோங்க. பாத்தோம். ஏழு மணிக்கு வரட்டும்."

பைக்கை மிதித்தேன். ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். என் குரல் வரும் இடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். வெட்டிய இடங்களில் ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று பழைய படங்களைப் போட்டு மூடினேன். ஒரு இடத்தில் என்னுடைய வரி நன்றாகவே விழுந்திருந்தது. ரெண்டு தடவை ஓட்டிக் கேட்டேன். பிறகு அதையும் வெட்டினேன். கடைசி வரியில் மட்டும் எந்தப் படமும் போடவில்லை. மேனேஜர் பின்னால் வந்து நின்று அந்தக் கண்ணைப் பார்த்தார். தூக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "இருக்கட்டும்" என்றார்.

ஏழு மணிக்கு ஓடியது.

விளம்பரம் போவதற்குள் போன் ஆரம்பித்துவிட்டது. "பாப்பாவுக்கு மெட்ராஸ் ஐங்களா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க?" இன்னொரு வீட்டில் ஒரு அம்மா போனைக் காதில் வைத்தபடியே பிள்ளைகளை விரட்டினார்: "டிவியப் பாக்காதீங்கடி, கண்ணு ஒட்டிக்கும். அந்தப் பக்கம் திரும்பி உட்காந்து காதுல மட்டும் கேளுங்க." மாவட்டத்தில் பாதி வீடுகளில் அன்று செய்தியை முதுகால் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் எல்லோரும் திரும்பியிருக்கிறார்கள் போல. போன் செய்த ஒரு ஆள் சொன்னார்: "எங்கண்ணன் நேத்துதாங்க போனாரு. அந்தப் பொண்ணு எங்களுக்காக அழுதுச்சுங்க. வேற யாரு அழுதாங்க?"

அது கண் வலித் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். நான் அவரிடம் சொல்லவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் அந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருங்கள். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு வயிறு எரிந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிஜமாகவே அழுதுகொண்டு நின்ற நாட்கள் உண்டு. கேமரா என் கையில் இருந்ததால் அது எதிலும் பதிவாகவில்லை.

அடுத்த போன் மேனகாவின் அப்பா.

"தம்பி, அவுத்துட்டாங்க. மெம்பரே வந்து முள்ள எடுத்துப் போட்டாரு. ஆட்டோவும் அவரே கொண்டாந்துட்டாரு. மருமகள ஏத்தி அனுப்பியாச்சு."

"மேனகாவும் கூடப் போயிருக்காளா?"

"எங்க. மெம்பரு அவள மட்டும் வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாரு. கண்ணு ஒட்டிக்குமாம். ஆட்டோவத் திருப்பறப்பகூட எங்க வூட்டுப் பக்கம் பாக்கலியே அந்த மனுசன். நல்லவேள, பால் வண்டி மேல போய் மோதல."

மறுநாள் ஆபரேஷன். பெண் குழந்தை. இருவரும் நலம். பால் சொசைட்டியும் பால் வாங்கிக்கொண்டது. நான் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு அக்கா கல்யாணச் சட்டையை மடித்து வைத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டு வாசலிலிருந்தே கூலிங் கிளாஸோடு வாசித்தாள். அந்த வாரம்தான் சென்னையில் இருக்கும் பெரிய சேனல்காரர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்டு மேனேஜருக்குப் போன் செய்தார்கள். யார் கேமரா பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேமராவை நான் ஒரு நாள்தான் பிடித்தேன் என்பது வேறு விஷயம். அன்று மூங்கில் மேலிருந்து மைக்கைத் திருப்பி வாங்கினேன் இல்லையா, வெயிலில் வழிந்த வேர்வையை அதே கையால் துடைத்திருக்கிறேன். மறுநாளே எனக்குக் கண் திறக்க முடியவில்லை. மேனேஜர் வேறு ஒரு பையனை அனுப்பிவிட்டு என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு டிவியைக் காதால் மட்டும் கேட்டேன்.

நாலு நாள் மாவட்டத்துக்கே செய்தி வாசித்தவன் நான். திடீரென்று காணோம். அவள் போனபோது கண்ணீர் அஞ்சலி வரைக்கும் போன ஜனங்கள், எனக்கு ஒரு காய்ச்சலாவது வரவைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆபீஸில் இருந்த பையனைத் தினமும் கேட்டேன். யாராவது விசாரித்தார்களா? இல்லைண்ணா. வாட்ஸ்அப்பைத் தேடினேன். ஒரு புரளிகூட இல்லை.

கடைசியில் நானே செய்தேன். மேனகா கண் சரியாகி ஆபீஸுக்குத் திரும்பிய அன்று, செய்தி முடிந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி, குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். எடுத்தது அவளே.

"ஏங்க, நடுவுல நாலு நாளு ஒரு தம்பி வாசிச்சாரே, அவரு எங்கங்க?"

அந்தப் பக்கம் கொஞ்சம் நிதானித்தாள்.

"அவருக்குக் கண்ணு வலிங்க. நல்லா வாசிப்பாருங்க அவரு. சீக்கிரம் வந்துருவாரு, நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.

என் குரல் அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில், யாரோ ஒரு நல்ல பையனுக்கு உடம்பு சரியில்லையாம், பக்கத்து வீடுதான், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது. அதை நானே வாசித்திருந்தால்கூட எனக்கு அப்படித் தோன்றியிருக்காது.